ப்ரோ பவுலா, ஆல்-ப்ரோவா? சம்பளத்தை முடிவு செய்யும் வாக்கு யார் கையில்?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-ன் 2024 சீசனில், மிக மதிப்புமிக்க வீரருக்கான எம்.வி.பி. விருது பஃபலோ அணியின் ஜோஷ் ஆலனுக்குப் போனது. அதே சீசனின் ஆல்-ப்ரோ முதல் அணியில் குவார்ட்டர்பேக் இடம் பால்டிமோர் அணியின் லாமர் ஜாக்சனுக்குக் கிடைத்தது. இரண்டுக்கும் வாக்களித்தது அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் திரட்டிய அதே 50 ஊடகக்காரர்கள்தான். எம்.வி.பி.க்கான முதலிட வாக்குகளில் ஆலனுக்கு 27, ஜாக்சனுக்கு 23. ஆல்-ப்ரோ வாக்கில் ஜாக்சனுக்கு 30, ஆலனுக்கு 18, மீதி இரண்டு ஜோ பரோவுக்கு. கணக்குப் போட்டால், ஆலனை எம்.வி.பி. என்று எழுதியவர்களில் குறைந்தது 9 பேர், சிறந்த குவார்ட்டர்பேக் என்ற கட்டத்தில் வேறொருவர் பெயரை எழுதியிருக்கிறார்கள்.

பால்டிமோர் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். ஒரே கை இரண்டு விதமாக எழுதலாமா என்று கேட்டார்கள். என்னைக் கேட்டால், அந்த 9 பேரும் செய்தது சரி. ஜாக்சன் அந்த சீசனில் 4,172 கஜம் எறிந்தார். 41 டச்டவுன், வெறும் 4 இன்டர்செப்ஷன். அதற்கு மேல் காலால் ஓடியே 915 கஜம். குவார்ட்டர்பேக் இடத்தில் அந்த ஆண்டு அவரைவிடச் சிறப்பாக ஆடியவர் இல்லை. ஆனால் அவருக்குப் பக்கத்தில் 1,921 கஜம் ஓடிய டெரிக் ஹென்றி இருந்தார். ஆலனோ, முன்னணிப் பந்துபிடிப்பாளர் ஸ்டெஃபான் டிக்ஸைப் பறிகொடுத்த ஒரு தாக்குதல் அணியை இழுத்துக்கொண்டு போய் 13 வெற்றி பெற்றுத் தந்தார். இவர் இல்லாவிட்டால் அணி என்ன ஆகும் என்பது எம்.வி.பி. கேள்வி. இந்த இடத்தில் யார் மிக நன்றாக ஆடினார் என்பது ஆல்-ப்ரோ கேள்வி. கேள்வி வேறாக இருந்தால் விடையும் வேறாக இருக்கலாம்.

சீசன் முடிவில் அறிவிக்கப்படும் நட்சத்திர அணிகளைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடுதான் முதலில் காணாமல் போகிறது. ப்ரோ பவுல், ஆல்-ப்ரோ இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறோம். இரண்டையும் தேர்ந்தெடுப்பவர்களும் வேறு, தேர்ந்தெடுக்கும் முறையும் வேறு.

ஆல்-ப்ரோ வயதில் மூத்தது. 1920-ல் ராக் ஐலண்ட் ஆர்கஸ் என்ற நாளிதழின் விளையாட்டு ஆசிரியர் புரூஸ் கோப்லண்ட் தன் பார்வையில் சிறந்தவர்களைப் பட்டியலிட்டார்; அங்கிருந்து தொடங்கியது இந்த மரபு. அசோசியேட்டட் பிரஸ் 1940-லிருந்து இதைச் செய்கிறது. இது காகிதத்தில் மட்டுமே இருக்கும் அணி. இதற்கு ஆட்டம் கிடையாது. லீக் முழுவதற்கும் சேர்த்து ஒரே முதல் அணி, ஒரே இரண்டாம் அணி. குவார்ட்டர்பேக் என்றால் முதல் அணியில் ஒருவர்தான்.

ப்ரோ பவுல் என்பது 1951 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய ஆட்டம். லீக்கின் இரு பிரிவுகளில் ஏ.எஃப்.சி.க்கு 44, என்.எஃப்.சி.க்கு 44 என்று மொத்தம் 88 வீரர்கள். குவார்ட்டர்பேக் மட்டும் ஆறு பேர். 1995-லிருந்து ரசிகர்கள், வீரர்கள், பயிற்சியாளர்கள் என்ற மூன்று தரப்பின் வாக்கும் மூன்றில் ஒரு பங்கு எடை பெறுகிறது. ரசிகர் எத்தனை முறை வேண்டுமானாலும் வாக்களிக்கலாம். வழக்கமான சீசன் முடிவதற்கு முன்பே பட்டியல் வெளியாகிவிடும். கடைசி வாரங்களின் ஆட்டம் கணக்கில் வராது. ஆல்-ப்ரோ வாக்கு, வழக்கமான சீசனின் கடைசி ஆட்டமும் முடிந்த பிறகே எண்ணப்படுகிறது.

உடலோடு உடல் மோதும் ப்ரோ பவுல் ஆட்டம் 2022 பிப்ரவரியில் லாஸ் வேகாஸில் நடந்ததோடு முடிந்துபோனது. அடுத்த ஆண்டிலிருந்து கொடி பறிக்கும் ஃப்ளாக் ஃபுட்பால், திறன் போட்டிகள் என்று மாறிவிட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சீசன் முழுக்க அடிபட்ட உடம்பை ஒரு காட்சி ஆட்டத்தில் பணயம் வைக்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் ஆட்டம் போன பின்பும் 'ப்ரோ பவுல் வீரர்' என்ற பட்டம் மட்டும் முழு மதிப்போடு நிற்கிறது.

அந்தப் பட்டம் எவ்வளவு இளகிப்போனது என்பதற்கு டைலர் ஹன்ட்லியின் 2022 சீசனைப் பார்த்தால் போதும். ஜாக்சன் காயத்தால் உட்கார்ந்தபோது பால்டிமோருக்காக 4 ஆட்டங்களைத் தொடங்கியவர் அவர். மொத்தம் 658 கஜம், 2 டச்டவுன், 3 இன்டர்செப்ஷன். முதலில் தேர்வானவர்களும் மாற்று வரிசையில் நின்றவர்களும் காயம், சூப்பர் பவுல் இறுதி ஆட்டம் என்று ஒவ்வொருவராக விலக, அழைப்பு அவரிடம் வந்து சேர்ந்தது. ஹன்ட்லி மீது ஒரு குற்றமும் இல்லை, கூப்பிட்டார்கள், போனார். ஆனால் அவர் பெயருக்குப் பின்னால் வரும் 'ப்ரோ பவுல்' என்ற சொல்லும், ஆறு பேரில் ஒருவராக நேரடியாகத் தேர்வானவருக்குப் பின்னால் வரும் அதே சொல்லும் பதிவேட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும்.

உண்மையான அநியாயம் நடப்பது குவார்ட்டர்பேக் இடத்தில் அல்ல. அங்கே எண்கள் இருக்கின்றன, கண்ணுக்குத் தெரிகிறது. அநியாயம் நடப்பது பந்தைத் தொடாதவர்களின் வரிசையில்.

2012 முதல் 2015 வரை கிளீவ்லாண்ட் பிரௌன்ஸ் அணியின் தடுப்பு வரிசையில் இடது கோடியில் ஜோ தாமஸ் நின்றார். வலது கோடியில் மிட்செல் ஷ்வார்ட்ஸ். வலக்கை குவார்ட்டர்பேக் எறியத் திரும்பும்போது அவர் முதுகு இடப்பக்கம் இருக்கும். அங்கிருந்து பாய்ந்து வருபவனை அவரால் பார்க்க முடியாது. அதனால் அந்தக் கோடியில் நிற்கும் இடது டேக்கிளுக்கு எப்போதும் தனி மரியாதை, தனிச் சம்பளம். ஆனால் இன்றைய தற்காப்பு அணிகள் தங்கள் மிகச் சிறந்த பாய்ச்சல்காரனை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நிறுத்துகின்றன. பந்து கைமாறிய நொடியில் வலது டேக்கிள் பின்னோக்கி இரண்டு மூன்று எட்டு வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, தன்னைவிட வேகமான ஒருவனைக் கைகளால் நெஞ்சில் நிறுத்த வேண்டும். அது சரியாக நடந்தால் ரசிகர் கண்ணில் ஒன்றுமே படாது. குவார்ட்டர்பேக் நிதானமாக எறிவார், பந்தைப் பிடித்தவர் கொண்டாடுவார். தவறினால் மட்டும் கேமரா டேக்கிளைக் காட்டும்.

தாமஸ் 10,363 ஸ்னாப்கள், அதாவது தாக்குதல் நகர்வுகள், தொடர்ச்சியாக, ஒன்றுகூட விடாமல் ஆடினார். ஆடிய 11 சீசன்களிலும் அவர் அணி ஒரு பிளே-ஆஃப் ஆட்டத்தையும் பார்க்கவில்லை. ஆனாலும் முதல் 10 சீசன்களிலும் ப்ரோ பவுலுக்குத் தேர்வானார். 2023-ல் புகழ் மண்டபத்திலும் சேர்ந்தார். தோற்கும் அணியில் இருந்தாலும் திறமையைக் கண்டுகொண்டார்கள் என்பது இந்த முறைகளுக்குப் பெருமை சேர்க்கும் விஷயம்தான். ஷ்வார்ட்ஸும் 7,894 ஸ்னாப்கள் தொடர்ச்சியாக ஆடினார். கன்சாஸ் சிட்டிக்குப் போய் சூப்பர் பவுல் வென்றார். 2018-ல் ஆல்-ப்ரோ முதல் அணி. இரண்டாம் அணியில் மூன்று முறை. ப்ரோ பவுலுக்கு எத்தனை முறை தெரியுமா? ஒருமுறைகூட இல்லை.

காரணம் வாக்குச்சீட்டின் அமைப்பில் இருக்கிறது. ப்ரோ பவுல் சீட்டில் 'டேக்கிள்' என்று ஒரே தலைப்பு. இடது வலது பிரிவு இல்லை. அப்படியிருந்தால் பெயர் பெற்ற இடது டேக்கிள்கள் எல்லா இடத்தையும் நிரப்பிவிடுவார்கள். ஆல்-ப்ரோவிலும் முன்பு அதே கதைதான். 2014-ல் இரண்டு டேக்கிள் இடமும் தாமஸ், டைரன் ஸ்மித் என்ற இரண்டு இடது டேக்கிள்களுக்கே போனது. 2016-ல் அசோசியேட்டட் பிரஸ் சீட்டை மாற்றி, இடது டேக்கிள், வலது டேக்கிள் என்று பிரித்தது. ஷ்வார்ட்ஸ் முதல்முறையாக ஆல்-ப்ரோ பட்டியலில் வந்தது அந்த ஆண்டில்தான். அவர் ஆட்டம் அந்த ஒரு வருடத்தில் தலைகீழாக மாறிவிடவில்லை. அவரைப் பார்க்க ஒரு கட்டம் வரையப்பட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு உதாரணமும் உண்டு. 2015-ல் கலீல் மேக் ஒரே சீசனில் இரண்டு இடங்களுக்கு ஆல்-ப்ரோ முதல் அணியில் வந்தார்: டிஃபென்சிவ் எண்ட், வெளிப்புற லைன்பேக்கர். அதற்கு முன் யாருக்கும் அப்படி நடந்ததில்லை. ஓரத்திலிருந்து பாய்ந்து குவார்ட்டர்பேக்கைப் பிடிப்பதுதான் அவர் வேலை. அந்த வேலைக்குப் பழைய சீட்டில் பெயர் இல்லாததால் வாக்காளர்கள் இரண்டு தலைப்பிலும் அவரை எழுதினார்கள். அடுத்த ஆண்டே 'எட்ஜ் ரஷர்' என்ற இடம் சீட்டில் வந்தது.

2022-ல் வந்த மாற்றமும் பாராட்டத்தக்கது. அதுவரை ஒவ்வொரு இடத்துக்கும் வாக்காளர் ஒரு பெயரை மட்டும் எழுதுவார். அடுத்தபடியாக வாக்கு வாங்கியவர்கள் இரண்டாம் அணி ஆவார்கள். 50 பேரும் ஒருவரை இரண்டாவது சிறந்தவர் என்று நினைத்தாலும் அவருக்கு ஒரு வாக்கும் கிடைக்காமல் போகலாம். இப்போது முதல் அணி, இரண்டாம் அணி இரண்டையும் எழுதுகிறார்கள்; முதல் அணிக்கு 3 புள்ளி, இரண்டாம் அணிக்கு 1 புள்ளி. அதே சீசனிலிருந்து வீரர்கள் சங்கமும் தனக்கென ஒரு ஆல்-ப்ரோ அணியைத் தேர்ந்தெடுக்கிறது. ஒரு வீரர் தன்னுடைய இடத்துக்கும், களத்தில் தன்னை நேருக்கு நேர் எதிர்க்கும் இடங்களுக்கும் மட்டுமே பெரும்பாலும் வாக்களிப்பார். ஷ்வார்ட்ஸ் போன்ற ஒருவரின் தரத்தைச் சொல்ல, அவர் கையில் சிக்கி நின்றுபோன பாய்ச்சல்காரனைவிடத் தகுதியான சாட்சி யார்?

இதெல்லாம் வெறும் பட்டம் என்றால் இவ்வளவு நீட்டி எழுத வேண்டியதில்லை. பணம் இதில் கட்டப்பட்டிருக்கிறது. 2020-ல் லீக்கும் வீரர்கள் சங்கமும் போட்ட ஒப்பந்தப்படி, புது வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் வந்த வீரரின் ஐந்தாம் ஆண்டுச் சம்பளம் அவர் முதல் மூன்று சீசன்களில் எத்தனை முறை ப்ரோ பவுலுக்குத் தேர்வானார் என்பதைப் பொறுத்து மாறுகிறது. இரண்டு முறை என்றால் மேல்படி, ஒருமுறை என்றால் அடுத்த படி, இல்லையென்றால் அதற்கும் கீழே. மாற்று வீரராக வந்தது கணக்கில் சேராது. அந்த மட்டில் ஒப்பந்தம் எழுதியவர்கள் கவனமாக இருந்திருக்கிறார்கள்.

2018 டிராஃப்டில் வந்த மூன்று குவார்ட்டர்பேக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆளாகத் தேர்வானவர் பேக்கர் மேஃபீல்டு, ஏழாவது ஆலன், முதல் சுற்றின் கடைசி ஆளான 32-வது ஜாக்சன். ஆலனும் ஜாக்சனும் முதல் மூன்று சீசன்களில் ஆளுக்கு ஒருமுறை ப்ரோ பவுலுக்குத் தேர்வானார்கள். அவர்களின் ஐந்தாம் ஆண்டுச் சம்பளம் 2 கோடியே 30 லட்சத்து 16 ஆயிரம் டாலர் என்று நிர்ணயமானது. தேர்வாகாத மேஃபீல்டுக்கு 1 கோடியே 88 லட்சத்து 58 ஆயிரம். 41 லட்சம் டாலருக்கும் மேல் வித்தியாசம். இந்த மூவர் விஷயத்தில் தீர்ப்பு சரிதான். ஜாக்சன் 2019-ல் ஒருமனதாக எம்.வி.பி. ஆனவர். ஆனால் குவார்ட்டர்பேக்கை எல்லோருக்கும் தெரியும். முதல் சுற்றில் வந்த ஒரு வலது டேக்கிளை நினைத்துப் பாருங்கள். மூன்று வருடம் தன் எதிராளி ஒவ்வொருவரையும் நிறுத்திக் காட்டினாலும், இடது வலது பிரிக்காத ஒரு சீட்டில், ஒரே ஆள் நூறு முறை அழுத்தக்கூடிய வாக்கில் அவர் சம்பளத்தின் ஒரு பங்கு தொங்குகிறது.

ரசிகர்கள் வாக்களிக்கக் கூடாது என்பது என் வாதமல்ல. ப்ரோ பவுல் வாரம் அவர்களுக்கான திருவிழா; யாரைப் பார்க்க ஆசையோ அவர்களை அழைத்துக்கொள்ளட்டும். ஆனால் ஒரு தொழிலாளியின் கூலியை நிர்ணயிக்கும் இடத்தில், வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களின் வாக்கு மட்டும்தான் எண்ணப்பட வேண்டும். இப்போதைய ஒப்பந்தம் 2030 சீசன் வரை நடப்பில் இருக்கும். அடுத்த பேச்சுவார்த்தையில் வீரர்கள் சங்கம் ஐந்தாம் ஆண்டுச் சம்பள விதியிலிருந்து ப்ரோ பவுலை நீக்கச் சொல்லி, அந்த இடத்தில் ஆல்-ப்ரோ முதல், இரண்டாம் அணிகளையும் தன் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் அணியையும் வைக்கக் கோர வேண்டும்.