கரிப்பூச்சும் ஒரு கண மௌனமும்

கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் பெர்ட் வில்லியம்ஸ் 1906இல் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பாடிய 'நோபடி' என்ற இசைத்தட்டை இன்று போட்டுக் கேட்டால், முதலில் காதில் விழுவது பாட்டல்ல, அலுப்பு. பாதி வரிகளைப் பேச்சாகவே இழுக்கிறார். தனக்குக் கைகொடுத்தது யார் என்று தன்னையே கேட்டுக்கொண்டு ஒரு கணம் நிறுத்துகிறார். இடையிடையே டிராம்போன் முனகுகிறது. 'ஒருத்தருமில்லை' என்ற பதில்தான் வரப்போகிறது என்பது கேட்பவருக்கு முன்பே தெரியும். தெரிந்தும் சிரிப்பு வருகிறது.

அந்தக் காலத்து அமெரிக்கச் சிரிப்புப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பொறுமை கிடையாது. இருக்கவும் வழியில்லை. எடிசனின் பழைய மெழுகு உருளை இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். பத்து அங்குலத் தட்டு ஏறக்குறைய மூன்று நிமிடம். வாட்வில் என்னும் பல்சுவை மேடையிலோ கழைக்கூத்தாடிக்கும் பழக்கிய நாய்க்கும் நடுவே வந்து, சில நிமிடங்களுக்குள் கைதட்டல் வாங்கிப் போக வேண்டும். பாத்திரத்தை மெல்ல வளர்க்க நேரமேது? வாயைத் திறந்ததுமே 'இவன் ஐரிஷ்காரன்', 'இவன் யூதன்', 'இவள் இத்தாலியப் பெண்' என்று தெரிந்தாக வேண்டும். கொச்சை உச்சரிப்பு அந்த வேலையை ஒரே வரியில் முடித்தது. 1910 கணக்கெடுப்பில் நியூயார்க் மக்களில் பத்தில் நால்வர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரித்தவருக்கும் ஆங்கிலம் வந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருக்கும்.

இந்தக் குறுக்குவழியில் நல்ல வேலையும் நடந்தது. ஜோ ஹேமன் 1913இல் பதிவு செய்த 'கோயன் ஆன் த டெலிஃபோன்' பாட்டல்ல, தனிப்பேச்சு. காற்றில் பிய்ந்த ஜன்னல் கதவைச் சரிசெய்யச் சொல்லி ஒரு குடித்தனக்காரர் வீட்டு உரிமையாளரைத் தொலைபேசியில் அழைக்கிறார். சொல்லுக்குச் சொல் குளறுபடி. உச்சரிப்பை நீக்கிவிட்டாலும் இதில் பாதி உயிரோடிருக்கும். புதுக் கருவியின் முன்னால் ஒரு மனிதன் படும் பாடு எந்த ஊருக்கும் பொருந்தும். ஆனால் உச்சரிப்பை எடுத்துவிட்டால் ஒன்றுமே மிஞ்சாத பாட்டுகள்தான் அன்றைய சந்தையில் மலிந்து கிடந்தன. அவற்றின் முதல் குறை இழிவுகூட அல்ல, சோம்பல். சிரிப்பை உண்டாக்காமல், கேட்பவரின் மனத்தில் ஏற்கெனவே இருந்ததைக் கடன் வாங்கிக்கொண்டன.

அந்த உச்சரிப்பு உண்மையானதா என்றால், அதுவும் இல்லை. 1910இல் தயாரிப்பாளர் சீக்ஃபெல்டின் 'ஃபாலீஸ்' நிகழ்ச்சி மேடையில் முதன்முதலாகத் தோன்றிய இருவரையே எடுத்துக்கொள்ளலாம். ஃபேனி பிரைஸ் யூதக் குடும்பத்துப் பெண்தான்; ஆனால் யூதர்களின் இத்திஷ் மொழி பேசி வளர்ந்தவரல்ல. முந்தைய ஆண்டு இர்விங் பெர்லின் கொடுத்த 'சேடி சலோமி' பாட்டுக்காக அந்தக் கொச்சையை அவர் அணிந்துகொண்டார். இன்னொருவர் வில்லியம்ஸ். பஹாமாஸில் பிறந்த அவருக்குத் தென்மாநிலக் கறுப்பர்களின் பேச்சு அந்நிய மொழி, கற்றுத்தான் பேசினார். இயல்பிலேயே வெளிர்நிறம் கொண்ட அந்த முகத்தில் எரித்த தக்கையின் கரியையும் பூசிக்கொண்டார். தம் இனத்தவராக நடிக்கவே இருவருக்கும் வேடம் தேவைப்பட்டது.

எல்லாரும் எல்லாரையும் கிண்டல் செய்தார்கள், ஆகவே கணக்கு நேராகிவிட்டது என்று வாதிடுவோர் உண்டு. கணக்கு நேராகவில்லை. ரசல் சகோதரர்கள் பெண் வேடமிட்டு நடத்திவந்த 'ஐரிஷ் வேலைக்காரிகள்' நிகழ்ச்சியை 1907இல் நியூயார்க் ஐரிஷ் சங்கங்கள் முட்டை வீசி எதிர்த்தன. அந்த எதிர்ப்பைத் தாங்கி நிகழ்ச்சி நிற்க முடியவில்லை. 1913இல் தொடங்கிய அவதூறு எதிர்ப்புச் சங்கம் மேடை யூதனின் கேலிச்சித்திரத்தை எதிர்ப்பதைத் தன் முதல் வேலைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. வாக்கும் சங்கமும் செல்வாக்கும் இருந்த இடத்தில் பகடி பின்வாங்கியது. கறுப்பரைப் பகடி செய்த கரிப்பூச்சு பின்வாங்கவில்லை, 1927இல் பேசும்படம் வந்தபோதும் பாடகர் ஆல் ஜோல்சன் முகத்தில் அது இருந்தது. ஐரிஷ் வேடக்காரர் அரிதாரத்தைக் கழுவிவிட்டு எந்த ஓட்டலிலும் நுழையலாம். வில்லியம்ஸ் கழுவிய பிறகும் பல ஓட்டல்களின் கதவு திறக்கவில்லை. 'ஃபாலீஸ்' குழுவிலேயே அவரைச் சேர்த்தால் விலகுவோம் என்று சிலர் மிரட்டினார்கள்.

அப்படியானால் அவர் கலையை அந்த முகமூடியின் குற்றத்தில் சேர்ப்பதா? கொஞ்சம் சேர்க்கத்தான் வேண்டும். ஜார்ஜ் வாக்கரோடு சேர்ந்து அவர் நடத்திய ஆரம்பகால நிகழ்ச்சிகளின் விளம்பரமே ஓர் இழிசொல்லைத் தாங்கியிருந்தது. அது சீட்டு விற்றது. அதே இருவர்தான் 1903இல் கறுப்பினக் கலைஞர்களே எழுதி நடித்த 'இன் டஹோமி'யைப் பிராட்வேக்குக் கொண்டுவந்தார்கள். முதலாவது இல்லாமல் இரண்டாவதற்கு அரங்கம் கிடைத்திருக்குமா என்பது சங்கடமான கேள்வி.

1916இல் பயோகிராஃப் நிறுவனம் எடுத்த 'எ நேச்சுரல் பார்ன் கேம்ப்ளர்' என்ற மௌனப்படத்தில் வில்லியம்ஸ் சிறைக்கொட்டடியில் தனியாக உட்கார்ந்து சீட்டாடுகிறார். சீட்டும் இல்லை, எதிராளியும் இல்லை. வெறுங்கையால் கலைக்கிறார், பங்கிடுகிறார், தன் கையைக் கள்ளத்தனமாக எட்டிப் பார்த்து மகிழ்கிறார், கடைசியில் தோற்கிறார். பேச்சே இல்லாததால் கொச்சைக்கு அங்கே இடமில்லை. விரலும் கண்ணும் போதுமானதாக இருக்கின்றன. கரி மட்டும் முகத்தில் அப்படியே இருக்கிறது.