‘முன்’னுக்கும் ‘பின்’னுக்கும் நடுவே

விளம்பரத்தையும் இலக்கிய விமர்சனத்துக்கு உட்படுத்த வேண்டுமா என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. வேண்டும் என்பதே நமது கருத்து. நாவலையும் கவிதையையும் தேடிச் சென்று படிப்போர் சிலரே. விளம்பரமோ படிப்போரைத் தேடி வருகிறது. அதற்கு உருவம் உண்டு, உத்தி உண்டு, சொல்லாமல் விடும் சாமர்த்தியமும் உண்டு. அவ்வகையில் முடி மாற்றுச் சிகிச்சை நிலையங்களின் விளம்பரத்தைத் தேர்ந்த கைகள் எழுதிய சிறுகதை எனலாம். இரண்டே படங்கள். முதற் படத்தில் ஒளி மங்கியிருக்கும், தலை குனிந்திருக்கும், நெற்றி உச்சிவரை ஏறியிருக்கும். மேலே ‘முன்’ என்று எழுதியிருக்கும். இரண்டாம் படத்தில் அதே மனிதர் நிமிர்ந்து நிற்பார். புதுச் சட்டை, புன்னகை, அடர்ந்த கேசம். ‘பின்’. கதை முடிந்தது. நடுவில் நடந்தது என்ன என்று கேட்கும் வாசகனுக்குத் தொலைபேசி எண் ஒன்று மட்டும் கிடைக்கும்.

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே சென்றால், வாவியை ஒட்டிக் கிடக்கிறது தன்னாமுனை. அங்கு வசிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர், தமது கைப்பேசிக்கு வந்த இத்தகைய விளம்பரங்களை நம்மிடம் காட்டி, “இதில எதை நம்பலாம், சேர்?” என்று கேட்டார். கொழும்பு நிலையம் ஒன்று. சென்னை நிலையம் ஒன்று. விமானச் சீட்டும் விடுதி அறையும் சேர்த்து விலை கூறும் இஸ்தான்புல் நிலையம் ஒன்று. ஆசிரியருக்கு வயது 27. வீட்டில் பெண் பார்க்கிறார்கள். சம்பளத்தை ஈடுகாட்டிக் கடன் எடுக்கலாமா என்பதுவரை அவர் கணக்குப் பார்த்து வைத்திருந்தார்.

இக்கேள்வியைச் சிரித்துத் தள்ளுவது எளிது. முற்போக்காளர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோரிடமும் இந்தச் சிரிப்பு உண்டு. நாட்டில் எத்தனையோ பிரச்சினைகள் இருக்க, மயிருக்காகவா கவலை என்பார்கள். ஆனால், அந்த இளைஞரின் கூச்சம் அவராக உண்டாக்கிக்கொண்டது அன்று. கிழக்கிலங்கையில் வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணுக்குச் செல்வது நெடுங்கால வழக்கம். மணமகன் அந்த வீட்டுக்குப் போகிறவன். அவ்வீட்டைக் கட்டி முடிக்கப் பெண்ணின் தகப்பனோ தமையனோ வளைகுடா நாடொன்றில் ஆண்டுக்கணக்காக வெயிலில் நிற்கிறான். அவ்வளவு விலை கொடுப்பவர் பண்டத்தைப் புரட்டிப் பார்ப்பது சந்தையின் நியதி. பெண்ணின் நிறத்தைத் தலைமுறை தலைமுறையாக எடைபோட்டு வந்த தராசு, இப்போது ஆணின் தலையையும் எடைபோடத் தொடங்கியிருக்கிறது. தரகர் கையில் போகும் புகைப்படமும் ஒரு விளம்பரமே.

இவ்விஷயத்தைக் கலை எவ்வாறு கையாண்டிருக்கிறது? கன்னடத்தில் ராஜ் பி. செட்டி 2017இல் இயக்கி, தாமே நடித்த ‘ஒந்து மொட்டெய கதெ’ என்ற படம் நினைவுக்கு வருகிறது. கதாநாயகன் மங்களூரில் கன்னடம் கற்பிக்கும் விரிவுரையாளன், வழுக்கைத் தலையன், பெண் கிடைக்காமல் அலைகிறான். 2019இல் இது ‘உஜ்டா சமன்’ என்று இந்திக்கும் போயிற்று. நம்மைக் கவர்ந்தது அதன் நகைச்சுவை மட்டுமன்று. தன் தலையைப் பார்த்துச் சிரிப்பவர்மீது வருந்தும் அவன், பெண் பார்க்கப் போனதும் தானும் அழகையே அளவுகோலாகக் கையில் எடுக்கிறான். சந்தையில் விலை போகாத பண்டமும் சந்தையின் மொழியையே பேசுகிறது. இதைக் காட்டியது படத்தின் வெற்றி. அந்த மொழியைப் பேசவைப்பது எது என்ற கேள்வியை ஒருவனுடைய மனமாற்றத்தோடு முடித்துவிட்டது அதன் குறை.

தமிழ்த் திரையின் கதை வேறு. எம்.ஜி.ஆரின் தொப்பியை அவர் உடலோடு சேர்த்தே அடக்கம் செய்தார்கள். ரஜினிகாந்த் பொது மேடையில் வழுக்கைத் தலையோடும் நரைத்த தாடியோடும் வந்து நிற்கிறார். ரசிகர் கூட்டம் எளிமை என்று கொண்டாடுகிறது. திரைக்குள் போனதும் அவருக்கும் சிகை வேண்டியிருக்கிறது. வழுக்கையைப் பெருமையோடு சுமப்பதற்கும் முதலில் ஒரு நிலை வேண்டும் போலும். தன்னாமுனை ஆசிரியருக்கு அந்த நிலை இல்லை.

‘மானம்’ என்னும் அதிகாரத்தில், தம் நிலையினின்று தாழ்ந்தோரைத் தலையினின்று விழுந்த மயிருக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். விழுந்த மயிருக்கு மதிப்பில்லை என்பதே அவ்வுவமையின் உயிர். விளம்பரம் அதைத் தலைகீழாக்குகிறது: மயிரை இழந்த தலைக்கு மதிப்பில்லை என்கிறது. மனிதனின் நடத்தையைப் பற்றிய சொல்லை அவனது மண்டையோட்டின் பரப்பைப் பற்றியதாக்கி, அதற்கு விலையும் குறித்துவிடுகிறது.

இனி, விளம்பரம் விழுங்கிவிட்ட நடுப்பகுதிக்கு வருவோம். ஜப்பானிய வைத்தியர் ஷோஜி ஒகுடா 1939இல் மயிர்க்கால்களை ஓரிடத்திலிருந்து எடுத்து மறுவிடத்தில் பொருத்தும் முறையை எழுதி வெளியிட்டார். தீக்காயத்தால் மயிர் இழந்தோருக்கு உதவுவதே அவரது வேலையாய் இருந்தது. உலகப்போரின் இரைச்சலில் அக்கட்டுரை வெளியுலகுக்குத் தெரியாமற் போயிற்று. நியூயோர்க்கில் நோர்மன் ஒரென்றைக் 1950களில் இதனைத் தனியே கண்டு, 1959இல் வெளியிட்டார். பின்னந்தலையிலிருந்து எடுத்த மயிர்க்கால், நட்ட இடத்திலும் தன் பழைய இயல்போடேயே வளர்கிறது என்பது அவர் நிறுவிய உண்மை. இன்றைய தொழில் முழுவதும் இந்த ஒரே உண்மையின்மேல் நிற்கிறது.

உழவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பாத்தியில் பிடுங்கி மறு பாத்தியில் நடுகிறார்கள்; புதிதாக ஒரு மயிரும் பிறப்பதில்லை. பிடுங்கும் பாத்தியோ சிறியது. பின்னந்தலையிலிருந்து பாதுகாப்பாக எடுக்கக்கூடியது பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதற்கும் சில ஆயிரம் நாற்றுகளே. ‘எல்லையற்ற நாற்று, ஒரே விலை’ என்று எழுதும் நிலையம் பின்னந்தலையையும் மொட்டையாக்கிவிட்டுப் போகும். இருபதுகளில் இருப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மயிர் உதிர்வு எங்கே போய் நிற்கும் என்பது அவ்வயதில் தெரியாது. நட்டது நிற்க, அதன் பின்னால் இருந்த சொந்த மயிர் தொடர்ந்து உதிர்ந்தால், வாவி நடுவே திட்டுப்போல முன்னந்தலையில் ஒரு கொத்து மட்டும் மிஞ்சும். இருப்பதைக் காக்கும் மருந்துகளையே நல்ல வைத்தியர் முதலிற் பேசுவார். அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்தவேண்டும் என்பதையும், பக்கவிளைவு உண்டாகலாம் என்பதையும் மறைக்கமாட்டார். தைரொயிட் கோளாறாலும் இரத்தச்சோகையாலும் தோல்நோயாலும்கூட மயிர் உதிரும். அவற்றுக்கு நடுகை மருந்தாகாது. ஆகவே முதற்படி சிகிச்சை நிலையம் அன்று, தோல்நோய் வைத்திய நிபுணர்.

விலைக்கணக்கிலும் சூது உண்டு. ஒரு நாற்றில் ஒன்று முதல் நான்கு மயிர்வரை இருக்கும். ஒரு நிலையம் நாற்றை எண்ணி விலை சொல்லும். மற்றொன்று மயிரை எண்ணும். 4,000 மயிரும் 2,000 நாற்றும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கக்கூடும். விளம்பரத் தாளில் முன்னது இருமடங்காகத் தெரியும்.

அடுத்து, கைகள். ஆயிரக்கணக்கான நாற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றாக நட, ஒரு பகற்பொழுது முழுவதும் செல்லும். இவ்வேலையை யார் செய்கிறார்? விளம்பரத்தில் சிரிப்பவர் வைத்தியர். பல நிலையங்களில் ஊசி போட்ட பின் அவரைக் காண்பது அரிது. குனிந்த கழுத்தோடு மணிக்கணக்கில் துளையிட்டு நடுபவர் பெயரில்லாத உதவியாளர். இவ்வுதவியாளரை நாம் இகழவில்லை. தேர்ந்த உதவியாளரின் விரல்நுட்பம் மதிக்கத்தக்க உழைப்பு. உழைப்பவரை மறைத்து, ஊதியத்தைக் குறைத்து, பொறுப்பையும் அந்தரத்தில் தொங்கவிடும் ஏற்பாட்டையே கண்டிக்கிறோம். மருந்து ஒவ்வாமல் நோயாளியின் நாடி விழும்போது, அந்த அறையில் வைத்தியர் இல்லையென்றால் என்ன நடக்கும்?

என்ன நடந்தது என்பது பதிவாகியே இருக்கிறது. 2016 மே மாதத்தில் சென்னையில் முடி நடுகைக்குச் சென்ற மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அந்நிலையம் சிகையலங்கார நிலையமாக நடத்தவே அனுமதி பெற்றிருந்தது என்று அப்போது அதிகாரிகள் தெரிவித்தனர். மருத்துவம் படித்தவரையே இந்த விளம்பரம் ஏமாற்றியதென்றால், மற்றவர் அறியாமையைப் பேசி என்ன பயன்? 2022 செப்டெம்பரில் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம், பயிற்சிப் பட்டறையிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்பது இச்சிகிச்சை செய்யப் போதாது என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. இப்படியும் ஓர் அறிவிப்பு தேவைப்பட்டதே என்பதுதான் வியப்பு. அதன் பின்னும், 2025இல், கான்பூரில் இரு பொறியியலாளரின் மரணம் தொடர்பாக வழக்கு எழுந்தது. பயிற்சி பெற்ற கையில் இது பெரும்பாலும் ஆபத்தில்லாத சிகிச்சை என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். நடந்த மரணங்கள் மயிருக்காக நடந்தவையன்று. மேற்பார்வை இன்மையால் நடந்தவை.

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி, நிலையம் தனியார் சுகாதார சேவைகளை ஒழுங்குபடுத்தும் சபையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இவ்விரண்டு பதிவு இலக்கங்களையும் கேட்பது நோயாளியின் உரிமை. கேட்டதும் முகம் மாறும் நிலையத்தை விட்டு வெளியேறுவதே நலம். முன்னெற்றிக் கோட்டை வரைபவர் யார், துளையிடுபவர் யார், வைத்தியர் முழுநேரமும் அறையில் இருப்பாரா, அன்றைக்கு எத்தனை பேருக்குச் சிகிச்சை, ஒட்சிசனும் அவசர மருந்தும் எங்கே இருக்கின்றன என்று கேட்கலாம். ஓராண்டு கழிந்த படங்களை, ஒரே வெளிச்சத்தில் எடுத்தவையாகக் காட்டச் சொல்லலாம். அன்றே முற்பணம் கட்டினால் விலைக்கழிவு என்பவரிடம் கட்டாமல் வீடு திரும்பலாம்.

வீடு என்றோம். இஸ்தான்புல் விளம்பரம் மறைக்கும் இன்னொரு செய்தி, தூரம். கொழும்பே தன்னாமுனையிலிருந்து 300 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. காயம் சீழ் பிடித்தால் அந்த இளைஞர் போய் நிற்கப்போவது மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில். இலாபம் தனியாருக்கு; சிக்கல் வந்தால் பொதுமக்கள் வரியில் நடக்கும் இலவச வைத்தியத்துக்கு. இக்கணக்கை எந்த விலைப்பட்டியலிலும் காணமுடியாது.

தேறும் காலமும் வாவிக்கரையில் அத்தனை சுலபமன்று. முதற் சில இரவுகள் தலையை உயர்த்திப் படுக்கவேண்டும். மூன்றாம் நான்காம் நாளில் நெற்றி வீங்கி, வீக்கம் கண்ணிமைவரை இறங்கலாம். பெரும்பாலும் தானே வடியும். கிணற்றடியில் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றும் பழக்கத்தை விட்டு, வைத்தியர் சொன்ன நாளிலிருந்து கிண்ணத்தால் மெல்லக் கழுவவேண்டும். பொருக்குகள் ஏழு முதல் பத்து நாளில் உதிரும்; நகத்தால் கிள்ளினால் நாற்றும் சேர்ந்து வரும். மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறவருக்குத் தலைக்கவசம் பெரிய பிரச்சினை: இறுக்கமாக அணிந்தால் நாற்று உரசுண்ணும், அணியாமற் போனால் சட்டம் பிடிக்கும், உயிரும் போகும். ஆகவே இரண்டு வாரமாவது பஸ்ஸில் போக வழியிருக்கும் தவணை விடுமுறையைத் தேர்ந்துகொள்வது நல்லது. கச்சான் வெயிலை நேரே தலையில் வாங்கக் கூடாது, வாவியிலும் கடலிலும் முழுகுவதை ஒரு மாதம் தள்ளிவைக்க வேண்டும், புகைத்தலை நிறுத்தவேண்டும். நாள் செல்லச் செல்ல வலி கூடினாலோ, காய்ச்சல் கண்டாலோ, சீழ் கசிந்தாலோ, தோல் கறுத்தாலோ, தொலைபேசியில் நிலையத்தைத் தேடிக்கொண்டிராமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

பிறகு வருகிறது விளம்பரம் ஒருபோதும் படம் எடுக்காத மாதம். இரண்டாம் வாரத்துக்கும் ஆறாம் வாரத்துக்கும் இடையில், நட்ட மயிரில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். வேர் உள்ளே உயிரோடிருக்கும். கண்ணுக்குத் தெரிவது பழைய வழுக்கை, சில வேளை அதைவிட மோசமானது. கடனின் முதற் தவணை சம்பளத்தில் வெட்டுப்படுவதும் ஏறக்குறைய இக்காலத்தில்தான். முன்கூட்டியே இதைச் சொல்லாத நிலையம், தன் நோயாளியை இம்மாதத்தில் தூங்காத இரவுகளுக்குக் கைவிடுகிறது. மூன்றாம் நான்காம் மாதத்தில் மெல்லிய மயிர் தலைகாட்டும். முழுப்பயன் தெரியப் பன்னிரண்டு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

அப்போது நிலையம் அவரைப் படம் எடுக்க அழைக்கும். அப்படத்தை விளம்பரத்துக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பது அவரது உரிமை. சிகிச்சைக்கு முன் நீட்டப்படும் படிவங்களில் எங்காவது ஒரு சிறிய எழுத்து வரியில் அந்த உரிமை நிலையத்துக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். கையெழுத்திடுமுன் தன்னாமுனை ஆசிரியர் அவ்வரியைத் தேடிப் பார்த்து, வேண்டாமென்றால் அடித்துவிடட்டும்.