சந்தை போன திசையும் வீடு திரும்பும் வழியும்

சென்னை தன் மொத்தக் காய்கறிச் சந்தையை 1996இல் கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்கு மாற்றியது. கொழும்பு அதே காரியத்தை 2020 நவம்பரில் செய்தது. புறக்கோட்டையிலிருந்த மெனிங் சந்தை களனி கங்கையைத் தாண்டி பேலியகொடைக்குப் போனது. இரண்டு இடங்களிலும் சொல்லப்பட்ட காரணங்கள் ஒன்றே. துறைமுகத்தை ஒட்டிய குறுகிய தெருக்களில் லாரி நுழைய வழியில்லை, அழுகிய காய்கறி மலைபோல் குவிகிறது, நகரின் நடுவே நெரிசல் தாங்க முடியவில்லை. காரணங்கள் நியாயமானவை. ஆனால் இடமாற்றத்துக்குப் பின் சாமானியர் காய்கறி வாங்கும் முறை இரண்டு நகரங்களிலும் ஒரே மாதிரி மாறவில்லை. அந்த வேற்றுமையைத் தீர்மானித்தது புதுச் சந்தையின் பரப்போ கட்டடமோ அல்ல. வேலை முடிந்து வீடு திரும்புகிறவரின் வழியில் அது இருக்கிறதா இல்லையா என்பதுதான். மொத்த வியாபாரம் லாரியைத் தொடர்ந்து போகலாம். சில்லறை வியாபாரம் பேருந்தையும் ரயிலையும் விட்டு விலகிப் பிழைப்பது கடினம்.

பழைய சந்தைகள் இருந்த இடத்தைப் பார்த்தாலே இது விளங்கும். ஆளுநர் வில்லியம் மெனிங்கின் பெயர் தாங்கிய சந்தை, கோட்டை புகையிரத நிலையத்துக்கும் மத்திய பேருந்து நிலையத்துக்கும் நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. மாலையில் கரையோரப் பாதையில் பாணந்துறைப் பக்கமோ, வடக்கே கம்பஹா பக்கமோ ரயிலேறப் போகிற அலுவலகப் பணியாளர் போகிற போக்கில் கால் கிலோ போஞ்சியும் ஒரு கட்டு வல்லாரையும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். அதற்கென்று தனிப் பயணம் வேண்டாம், தனிக் கட்டணமும் வேண்டாம். கொத்தவால் சாவடியின் நிலையும் அதுவே. உயர் நீதிமன்றம், பிராட்வே பேருந்து நிலையம், கடற்கரை ரயில் நிலையம் எல்லாம் அக்கம்பக்கத்தில் இருந்தன. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் எப்போதும் கூட்டம் நெரிவதற்கும் இதே கணக்குதான் அடிப்படை. மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்குகிறவர் உஸ்மான் சாலைக்குப் போகும் வழி அந்தத் தெரு.

கோயம்பேட்டின் வெற்றியை இந்தக் கணக்கை வைத்தே புரிந்துகொள்ள வேண்டும். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த அந்த வளாகத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் உண்டு. ஆனால் சந்தை வந்த ஆறே ஆண்டில், 2002இல், பிராட்வேயிலிருந்த வெளியூர்ப் பேருந்து நிலையமும் அதே வட்டாரத்துக்கு வந்தது. 2015இல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியதும் கோயம்பேட்டில்தான். நள்ளிரவுக்கு மேல் லாரிகள் வந்து நிற்கும். விடியுமுன் மூட்டையும் பெட்டியுமாகச் சரக்கு கைமாறி, தெருக்கடைக்காரர்களின் குட்டியானை வண்டிகளில் ஏறிவிடும். வெளிச்சம் வந்தபின் மிஞ்சிய தக்காளியையும் கத்தரிக்காயையும் கூறு கட்டி வைத்துச் சில்லறைக்கு விற்பார்கள். பை கொண்டுவருகிற ஆள் இல்லாவிட்டால் அந்தக் கூறுக்கு மதிப்பில்லை. அந்த ஆளைக் கொண்டுவந்து சேர்த்தது பேருந்து நிலையம்தான். சந்தையும் பேருந்தும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்துக்கு வந்ததால், நகரின் மேற்குப் பகுதிக்கு இரண்டாவது புறக்கோட்டை போன்ற ஒன்று கிடைத்தது.

கொழும்பில் சந்தை மட்டும் போனது. நகர அபிவிருத்தி அதிகார சபை கட்டிய பேலியகொடை வளாகம் சரக்கு வாகனத்துக்கு மிகப் பொருத்தமான இடத்தில் இருக்கிறது. மத்திய மீன் சந்தை 2011இலேயே அங்கே வந்துவிட்டது. 2013இல் திறந்த கட்டுநாயக்க அதிவேகப் பாதை அருகில் தொடங்குகிறது. நுவரெலியா கரட்டும் லீக்ஸும், தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தின் வழியாக வரும் பூசணியும் வெங்காயமும் நகருக்குள் நுழையாமலே கைமாறிவிடும். ஆனால் கோட்டை நிலையமும் பேருந்துகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ரயிலேறப் போகிறவர் ஆற்றைக் கடந்து போய் கால் கிலோ போஞ்சி வாங்கித் திரும்பமாட்டார். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். துறைமுகம் வழியாக வரும் பருப்பு, சீனி, பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் மொத்த வியாபாரம் புறக்கோட்டையின் நான்காம் குறுக்குத் தெருவை விட்டு நகரவில்லை. இந்தியா 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியைத் தடுத்தபோது இலங்கைச் சமையலறைகளில் விலை ஏறியதற்குக் காரணம் அந்தத் தெருவுக்கு வரவேண்டிய சரக்கு வராததே. ஆக, புறக்கோட்டைக்குப் போகிறவர் இன்றும் வெங்காயத்தை ஓரிடத்தில் வாங்கி, காய்கறிக்கு வேறிடம் தேட வேண்டியிருக்கிறது.

மொத்தச் சந்தையில் பொதுமக்களை விடுவதே தவறு என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் கையில் வலுவான சான்றும் இருக்கிறது. 2020 மே மாதத்தில் கோயம்பேடு கொரோனாத் தொற்றின் பெரும் மையமாகி மூடப்பட்டது. காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போய், செப்டம்பர் இறுதியில்தான் திரும்பியது. அதே ஆண்டு அக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து தொற்று இலங்கையின் பல மாவட்டங்களுக்குப் பரவியது. ஆனால் இந்தச் சான்று இன்னொரு பக்கமும் பேசுகிறது. சந்தையிலிருந்து நோய் எத்தனை ஊருக்குப் போனதோ அத்தனை ஊருக்கும் அங்கிருந்து உணவு போய்க்கொண்டிருந்தது. அதைக் கொண்டுபோனவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு வாங்க வந்தவர்கள் அல்ல, வியாபாரிகளும் ஓட்டுநர்களும் சுமை தூக்குவோருமே. பேலியகொடையில் பை தூக்கி வருகிறவர் குறைவு. அதனால் பரவல் குறைந்துவிடவில்லை. சில்லறை வாங்குவோரை விரட்டுவதால் மொத்தச் சந்தை பாதுகாப்பானதாகிவிடாது. இரண்டையும் வேறு நேரத்தில், வேறு வாசலில் நடத்துவதே செய்யக்கூடியது.

இனி சந்தையே எதற்கு, சூப்பர் மார்க்கெட்டும் செல்போன் செயலியும் போதுமே என்பது அடுத்த வாதம். கார்கில்ஸ் நிறுவனம் 1983இலேயே கொழும்பில் ஃபுட் சிட்டி சூப்பர் மார்க்கெட்டைத் தொடங்கிவிட்டது. இன்று அதுவோ கீல்ஸ் சூப்பர் மார்க்கெட்டோ இல்லாத புறநகரே அரிது. சென்னையில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கீரை வாசலுக்கு வந்துவிடுகிறது. இந்த வசதியை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த வாதம் மேலே சொன்ன கணக்கைப் பொய்யாக்கவில்லை. செயலி வெற்றிபெற்றதே தனிப் பயணம் வேண்டாம் என்பதால்தான். பழைய மெனிங் சந்தை அந்த வசதியைச் செலவில்லாமலே தந்தது. கூலியை நாள்தோறும் வாங்குகிறவருக்கு அளந்து கட்டிய பொட்டலம் உதவாது. பேரம் பேசி, அடிபட்ட தக்காளியைக் குறைந்த விலைக்குப் பொறுக்கி எடுக்க ஓர் இடம் அவருக்கு வேண்டும்.

அந்த இடத்தை இரு நகரங்களும் வெவ்வேறு வகையில் தருகின்றன. சென்னையில் அது தள்ளுவண்டியும் நடைபாதைக் கடையும். நாள்தோறும் நடப்பது, தெருவுக்குள் வருவது. கொழும்பின் புறநகரில் அது வாரச்சந்தை. நுகேகொடை, தெல்கந்த, கொட்டாவை போன்ற இடங்களில் மக்கள் திரண்டு வாங்குகிறார்கள். தள்ளுவண்டிக்கு 2014ஆம் ஆண்டு இந்தியத் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின் பாதுகாப்பு ஏட்டளவிலாவது உண்டு. நகர விற்பனைக் குழுவில் நாற்பது விழுக்காடு இடம் வியாபாரிகளுக்கே என்று அது சொல்கிறது. வாரச்சந்தையின் பலம் வேறு. அதற்கென்று ஊரில் நிலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, உள்ளூராட்சி சபை அதை நடத்துகிறது, வியாபாரி யாருக்கும் பயந்து ஓட வேண்டியதில்லை. சென்னை கொழும்பிடம் கற்கவேண்டியது நிலம் ஒதுக்கும் இந்த வழக்கத்தை. கொழும்பு சென்னையிடம் கற்கவேண்டியது சந்தையையும் பேருந்தையும் சேர்த்துத் திட்டமிடுவதை.

சென்னை அந்தப் பாடத்தைத் தானே மறந்துவிடும் நிலையில் இருக்கிறது. 2023 டிசம்பர் இறுதியில் தெற்கே கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டு, தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டை விட்டுப் போயின. மாநகரப் பேருந்தும் மெட்ரோவும் இருப்பதால் சந்தை உடனே ஆளற்றுப் போகாது. ஆனால் தெற்கிலிருந்து வந்திறங்கும் கூட்டத்துக்குக் கோயம்பேடு இனி வழியில் இல்லை. கிளாம்பாக்கத்தில் சில்லறைக் காய்கறிக்கு ஒரு திடலையும், கோட்டை நிலையத்தின் அருகே மாலை மூன்று மணிக்குமேல் விற்க ஒரு திடலையும் ஒதுக்குவது இரு அரசுகளுக்கும் பெரிய செலவல்ல. மொத்தச் சந்தைக்குப் பெரிய வளாகமே தேடிக் கொடுத்தவர்களுக்கு, அதன் சரக்கு கடைசியாகப் போய்ச்சேரும் கைகளுக்காக ஓர் ஏக்கர் ஒதுக்குவது முடியாத காரியம் என்று சொல்ல இடமில்லை.