சமனற்ற தரவில் சராசரி மறைக்கும் வகுப்புகள்: தமிழ் வசைக்கருத்து வகைப்பாட்டின் மதிப்பீட்டு முறை – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதப்பட்ட யூடியூப் கருத்துகளில் வசையை இனங்காண்பதற்கென 2021-இல் நடத்தப்பெற்ற ஆய்வுப் போட்டியின் வகுப்பமைப்பையும் மதிப்பீட்டு முறையையும் இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. எண்ணிக்கையில் பெரிதும் வேறுபடும் ஆறு வகுப்புகளைக் கொண்ட தரவில், எடையிட்ட சராசரியைத் தரவரிசையின் அடிப்படையாகக் கொள்வது அரிய வகுப்புகளில் நேரும் தோல்வியை மறைக்கிறது. ஒரே தளத்தில் நிறுத்தப்பட்ட வகுப்புகளைப் படிநிலையாகப் பிரித்தால் சமனின்மை பெருமளவு குறையும் என்பதும் இங்கு எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இயந்திரக் கற்றல், சமனற்ற தரவு, பல்வகுப்பு வகைப்பாடு, கலப்புமொழி, எஃப்1 மதிப்பு.

முன்னுரை

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது பழமொழி. பானை முழுவதும் ஒரே அரிசி என்னும்போதுதான் அது பொருந்தும். வகுப்புகள் பலவாகவும் அவற்றின் எண்ணிக்கை ஏற்றத்தாழ்வுடையதாகவும் உள்ள தரவில், ஒற்றை எண்ணைக் கொண்டு வகைப்படுத்தியின் பதம் பார்க்க இயலாது. திராவிட மொழிகளுக்கான மொழித்தொழில்நுட்பப் பயிலரங்கில் 2021-இல் வெளிவந்த தமிழ்த் தரவு இதற்குத் தக்க சான்றாகும்.

தரவின் அமைப்பு

திரைப்பட முன்னோட்டங்களின்கீழ் எழுதப்பட்ட 43,919 கருத்துகள் இத்தரவில் உள்ளன. அவற்றுள் வசையற்றவை 31,808, இலக்கற்ற வசை 3,630, குழுவை நோக்கிய வசை 3,140, தனிமனிதரை நோக்கிய வசை 2,965, தமிழல்லாதவை 1,786, பிறவற்றை நோக்கிய வசை 590. மிகப் பெரிய வகுப்பு மிகச் சிறிய வகுப்பைப் போல் ஏறத்தாழ 54 மடங்கு பெரிது.

இச்சமனின்மையைத் தரவின் குறையாகக் கருத வேண்டியதில்லை. மக்கள் எழுதுவதில் பெரும்பகுதி வசையற்றது என்னும் உண்மையை அது காட்டுகிறது. கலப்புமொழித் தமிழுக்கு இத்துணைப் பெரிய தரவு கிடைத்தமை பாராட்டத்தக்கதே. வினா அதனை மதிப்பிட்ட முறையைப் பற்றியது.

எடையிட்ட சராசரியின் சிக்கல்

போட்டியின் தரவரிசை எடையிட்ட சராசரி எஃப்1 மதிப்பின் அடிப்படையில் அமைந்தது. ஒவ்வொரு வகுப்பின் மதிப்பும் அதன் எண்ணிக்கைக்கேற்ப எடை பெறுவது இம்முறை. எதையும் கற்காமல் எல்லாக் கருத்துகளையும் ‘வசையற்றவை’ என்றே கூறும் ஒரு வகைப்படுத்தியைக் கொள்வோம். முழுத்தரவின் விகிதப்படி அது 72.4 விழுக்காடு சரியாக இருக்கும். அவ்வொரு வகுப்பில் அதன் எஃப்1 மதிப்பு 0.84, எடையிட்ட சராசரி ஏறத்தாழ 0.61. ஆறு வகுப்புகளுக்கும் சம இடம் தரும் மேக்ரோ சராசரியில் அதே வகைப்படுத்தி பெறுவது 0.14 மட்டுமே.

தமிழில் முதலிடம் பெற்ற அமைப்பின் எடையிட்ட மதிப்பு 0.78. இதனைச் சுழியத்திலிருந்து எட்டிய உயரமாக வாசிப்பது வழக்கம்; உண்மையில் ஒப்பீடு தொடங்க வேண்டிய இடம் 0.61. மேலும், ‘பிறவற்றை நோக்கிய வசை’ வகுப்பில் ஓர் அமைப்பின் எஃப்1 மதிப்பு சுழியத்திலிருந்து 0.50 ஆக உயர்ந்தாலும் எடையிட்ட சராசரி 0.007 அளவே கூடும். மேக்ரோ சராசரியோ 0.08 கூடும். அரிய வகுப்பில் உழைப்பவருக்கு முன்னைய அளவை எப்பயனும் அளிப்பதில்லை.

உலக வழக்கில் பெரும்பான்மை வசையற்றதாதலின் எடையிட்ட சராசரியே இயல்பானது என்று வாதிடலாம். ஆயின் இத்தகைய அமைப்பு உருவாக்கப்படுவதன் நோக்கம் வசையைக் கண்டறிவதே. தவறவிடப்படும் ஒவ்வொரு வசையும் அதற்கு இலக்கானவரைச் சென்று சேர்கிறது. ஆங்கிலக் கீச்சுகளுக்கென 2019-இல் நடந்த ‘அஃபென்ஸ்இவால்’ போட்டி, வகுப்புகளின் சமனின்மையைக் கருதி மேக்ரோ சராசரியையே கொண்டது இங்கு நினைவுகூரத்தக்கது.

ஒரே தளத்தில் மூன்று வினாக்கள்

அப்போட்டியில் வசை உண்டா, அது இலக்குடையதா, இலக்கு யார் என்னும் மூன்று வினாக்கள் மூன்று படிகளாக இருந்தன. தமிழ்த் தரவில் அவை ஒரே தளத்தில் நிறுத்தப்பட்டு, ‘தமிழல்லாதவை’ என்னும் மொழி வினாவும் உடன் சேர்க்கப்பட்டது. இவற்றை மீண்டும் படிநிலையாக்கினால், தமிழல்லாதவை நீங்கிய 42,133 கருத்துகளில் வசை 10,325, வசையற்றவை 31,808 என, விகிதம் ஏறத்தாழ 1:3 ஆகிறது. இலக்கு வினாவில் 3,140, 2,965, 590 ஆகியவை மட்டுமே எதிரெதிர் நிற்கின்றன. அங்கு உச்ச விகிதம் 5:1 அளவினதே. சமனின்மையின் ஒரு பகுதி மொழியிலிருந்தன்றி வகுப்பமைப்பிலிருந்தே பிறந்தது என்பது இதனால் புலனாகும். மேற்படியில் நேரும் பிழை கீழ்ப்படிக்கும் தொடரும் என்பது இம்முறையின் வரம்பு. ஆகவே ஒவ்வொரு படியின் பிழையையும் தனித்துக் காட்ட வேண்டும்.

தீர்வுகளின் வரம்புகள்

அரிய வகுப்புக்குப் பிழைச்சார்பில் மிகுதியான எடை தருவது ஒரு வழக்கமான தீர்வு. எண்ணிக்கைக்குத் தலைகீழாக எடையிட்டால், அரிய வகுப்பில் தவறாகக் குறியிடப்பட்ட ஒரு கருத்தும் 54 மடங்கு வலிமை பெறும். 2002-இல் முன்வைக்கப்பட்ட ‘ஸ்மோட்’ முறை, அண்மைப் புள்ளிகளுக்கு இடையே புதிய புள்ளிகளைச் செயற்கையாக உருவாக்குகிறது. சொல்லெண்ணிக்கை வெளியில் அவ்வாறு பிறக்கும் இடைப்புள்ளிக்கு நிகரான வாக்கியம் எதுவும் இல்லாதிருக்கலாம். சோதனைத் தரவைப் பிரிக்குமுன் இதனைச் செய்தால் சோதனைக் கருத்துகளின் சாயல் பயிற்சியில் கலந்து, மதிப்பெண் பொய்யாக உயரும்.

சோதனைப் பகுதி மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. விகிதப்படி அரிய வகுப்புக்கு அதில் ஏறத்தாழ 60 கருத்துகளே அமையும். அவற்றுள் பாதியை ஓர் அமைப்பு கண்டறிந்தால், 95 விழுக்காடு நம்பக இடைவெளி 37 முதல் 63 விழுக்காடு வரை விரியும். எனவே இரு அமைப்புகளுக்கிடையே அவ்வகுப்பில் தோன்றும் சிறு வேறுபாட்டை வெற்றியாகக் கொள்ள இடமில்லை.

முடிவுரை

சமனற்ற பல்வகுப்புத் தரவில் கற்பித்தல் முறையை மாற்றுவதற்கு முன் அளவையையும் வகுப்பமைப்பையும் மறுபரிசீலனை செய்தல் வேண்டும். வகுப்புவாரி மதிப்புகள், மேக்ரோ சராசரி, பெரும்பான்மை வகுப்பையே கூறும் அடிப்படை வகைப்படுத்தியின் மதிப்பு, அரிய வகுப்பின் நம்பக இடைவெளி ஆகிய நான்கையும் தமிழ்க் கணினி மொழியியல் ஆய்வுகள் தவறாது வெளியிட வேண்டும். அவ்வாறு செய்யின், 0.78 என்னும் எண்ணுக்குப் பின்னே அந்த 590 கருத்துகளும் கண்ணுக்குப் புலப்படும்.