தவறான கணக்கில் ஒரு வரவு

2019 ஏப்ரல் கடைசியில், மதுரையில் ஒரு தியேட்டரில், ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ என்ற படத்தின் முடிவில் நான் அழுதேன். இதை முதலிலேயே பதிவு செய்துவிடுவது நல்லது. நம் சினிமாவின் மிகையுணர்ச்சியைப் பற்றி இதே பக்கங்களில் கறாராக எழுதிவந்திருப்பவன் நான். அழுததில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் கணக்கு உதைக்கிறது. 2008இல் ‘அயர்ன் மேன்’ தொடங்கி அதுவரை வந்திருந்த இருபத்தொரு படங்களில் ஒன்றைக்கூட நான் பார்த்திருக்கவில்லை. அக்கா மகன் மல்லாங்கிணற்றிலிருந்து பஸ் ஏற்றி இழுத்துக்கொண்டு போன இருபத்திரண்டாவது படம் அது. மூன்று மணி நேரம். பேசும் மரநாய் மாதிரி ஒன்று, தொந்தி போட்ட சம்மட்டி தெய்வம் ஒன்று, பச்சையாக ஒரு பயில்வான். யார் யாருக்கு என்ன உறவு, யார் எதற்காகக் கண்கலங்குகிறார்கள் என்பதே விளங்காமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் டோனி ஸ்டார்க் என்கிற அந்த இரும்புக் கவச மனிதன் ஆறு கற்களையும் கையில் வாங்கி, விரலைச் சொடுக்கி, பாதி உடம்பு வெந்து சரிந்தான். பக்கத்தில் அக்கா மகன் விசும்பினான். அவனுக்குப் பதினோரு வருஷத்து நியாயம் இருந்தது. எனக்கு என்ன இருந்தது?

சௌகரியமான பதில் ஒன்று உண்டு. ஜனரஞ்சகக் கலை நம் பிரக்ஞை விழிப்பதற்கு முன்பே நரம்புகளைத் தொட்டுவிடுகிறது, இசை, குளோசப், மௌனம் என்று தயார் செய்த சாமான்களால் கண்ணீரைக் கறந்துவிடுகிறது என்பது. இது எல்லாப் படத்துக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பதில் இந்த ஒன்றை விளக்குவதில்லை. இதே சாமான்களோடு வரும் எத்தனையோ படங்களில் நான் கொட்டாவி விட்டிருக்கிறேன்.

காரணம் குரலாக இருக்கலாம் என்று பிறகு தோன்றியது. அந்தப் படத்தின் தமிழ்ப் பதிப்புக்கு ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுதினார். ஸ்டார்க்குக்குக் குரல் கொடுத்தவர் விஜய் சேதுபதி, எங்கள் மாவட்டத்து ராஜபாளையத்தில் பிறந்தவர். தொடரின் ரசிகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. முகத்தோடு ஒட்டவில்லை என்றார்கள். உண்மைதான், ஒட்டவில்லை. அந்த ஒட்டாமைதான் என்னைப் பிடித்தது என்று இப்போது நினைக்கிறேன். நியூயார்க்கில் கோபுரம் கட்டி வாழ்கிற ஆயுத வியாபாரியின் உடம்புக்குள் தெற்கத்தி மனிதன் ஒருவன் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அந்த மனிதன் செத்தபோது எனக்குப் பழக்கமான ஏதோ ஒன்று நடந்தது.

பழக்கமானது எது? இந்தக் கரிசல் பக்கத்தில் கண்மாய்க்கரைகளிலும் வேலிக்கருவேலுக்கு நடுவிலும் நிற்கிற பீடங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நீட்டி முழக்கத் தேவையில்லை. அவற்றில் பல, கொலையுண்டவர்களின் இடங்கள். வெட்டுப்பட்டவன், நாண்டுகொண்டவள், கிணற்றில் விழுந்தவள். வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. பஞ்சத்தில் பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி வந்தாள். அண்ணன் மனைவி சோறு போடவில்லை. ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்தாள். அவளிடம் எந்த அசுர சக்தியும் இருந்ததில்லை. பசி இருந்தது. மதுரை வீரனுக்கு மாறுகால் மாறுகை வாங்கினார்கள் என்கிறது கதை. வெட்டச் சொன்ன அரசனின் ஊரிலேயே, மீனாட்சி கோயில் கீழக் கோபுரத்தருகே அவனுக்குச் சந்நிதி. இங்கே சக்தி சாவுக்குப் பின்னால்தான் வருகிறது. வஞ்சிக்கப்பட்டவனுக்கே வருகிறது. அவன் அன்பினால் நம்மைக் காக்கிறான் என்று யாரும் நினைப்பதில்லை. நாம் பட்ட கடனுக்கு வருஷா வருஷம் படையல் வைக்கிறோம்.

ஆக, தெற்கத்திக் குரல் ஒன்று வெந்து சாவதைக் கேட்டதும், இன்னொரு பீடம் எழும்புகிறது என்று என் உடம்பு தானாக முடிவு செய்துவிட்டது. இத்தோடு நிறுத்தியிருந்தால் இது நம் தொன்மத்தின் பெருமை பேசும் கட்டுரையாக முடிந்திருக்கும். அந்த மாதிரிக் கட்டுரைகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. ஆனால் பிறகு மேலும் நான்கு படங்களைப் பார்த்தேன்.

பார்த்த வரிசையைச் சொல்ல வேண்டும். ‘இன்ஃபினிட்டி வார்’ (2018), ‘சிவில் வார்’ (2016), ‘பிளாக் பாந்தர்’ (2018), கடைசியில், 2020 ஊரடங்கில் செல்போனில், முதல் படமான ‘அயர்ன் மேன்’ (2008). அனேகமாகத் தலைகீழ். தொடரின் பக்தர்கள் இதை அபசாரம் என்பார்கள். ஆனால் தொடர்களை இப்படி வாசிப்பது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யைக் கொண்டுவந்தது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த மனிதன் உண்மையில் பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்றிலிருந்து வந்தவன். என் சித்தப்பாவின் தகரப் பெட்டியில் அட்டை போன, முன்பக்கம் கிழிந்த மாயாவிகள் இருந்தன. அவன் கை எப்படிப் போனது என்று தெரியாமலேயே பல வருஷம் படித்தேன். வரிசையாகப் பார்க்கிறவனுக்குத் தொடர் தன் ஞாபகத்தைக் கொடுத்துவிடுகிறது. எதை நினைவில் வைக்க வேண்டும், எதை மறக்கலாம் என்பதைப் படங்களே தீர்மானிக்கின்றன. போகிற போக்கில் பார்க்கிறவனுக்கு அந்த உதவி கிடைப்பதில்லை. அதனாலேயே தொடர் மறந்தது சில சமயம் அவன் கண்ணில் படுகிறது.

என் கண்ணில் பட்டது யின்சென். முதல் படத்தில் ஆப்கானிஸ்தானத்துக் குகையொன்றில் ஸ்டார்க்கோடு அடைபட்டிருக்கும் மருத்துவர். ஸ்டார்க்கின் சொந்தக் கம்பெனி ஏவுகணைச் சில்லுகள் அவன் நெஞ்சில் ஏறியிருக்கின்றன. அவை இதயத்துக்குப் போகாதபடி கார் பேட்டரியில் ஒரு மின்காந்தத்தைக் கட்டி உயிரைப் பிடித்துவைப்பவர் இவர். பேட்டரிக்குப் பதிலாக அந்த ஒளிவட்டக் கருவியை ஸ்டார்க் செய்யும்போது உலோகத்தை உருக்கி எடுத்து அச்சில் ஊற்றுவதும் இவர்தான். குல்மிரா என்ற கிராமத்துக்காரர். குடும்பம் ஏற்கெனவே கொல்லப்பட்டுவிட்டது. ஸ்டார்க் தப்புவதற்கு நேரம் வாங்கித் தருவதற்காகத் துப்பாக்கியோடு ஓடிக் குண்டடிபட்டு, மூட்டைகளின் மேல் சாய்ந்து சாகிறார்.

நான் இதைப் பார்த்தது ஸ்டார்க்கின் இழவைப் பார்த்த மறு வருஷம். ‘எண்ட்கேம்’ முடிவில் ஏரிக்கரையில் எல்லா நாயகர்களும் கறுப்பு உடுத்தி நிற்க, பூவளையத்தின் மேல் அதே பழைய கருவியைத் தண்ணீரில் மிதக்க விடுகிறார்கள். ஸ்டார்க்குக்கு இதயம் இருந்தது என்பதற்குச் சாட்சி அது. அந்த இதயத்தை முதலில் நிறுத்திவைத்தவரின் பெயர் அங்கே ஒலிப்பதில்லை. எங்கள் ஊர் முறைப்படி பார்த்தால் பீடம் யாருக்கு? ஆயுதம் செய்து விற்றவனுக்கா, அந்த ஆயுதங்கள் போய்ச் சேர்ந்த ஊரில் பிறந்து, வீடிழந்து, விற்றவனையே காப்பாற்றிவிட்டுச் செத்தவனுக்கா?

இதற்குப் பிறகு மற்ற படங்களை நினைத்துப் பார்த்தால் ஒரு விதி தெரிகிறது. ‘சிவில் வார்’ படத்தில் சொகோவியா என்ற நாட்டில் நாயகர்கள் நடத்திய சண்டையில் குடும்பத்தைப் பறிகொடுத்த ஸீமோ வருகிறான். அவன் வில்லன். ‘பிளாக் பாந்தர்’ படத்தில் கில்மாங்கரின் தகப்பனைக் கொன்றவன் சொந்த அண்ணனான அரசன். பிள்ளை அனாதையாக அமெரிக்காவில் விடப்படுகிறான். அவனும் வில்லன். அதே ‘சிவில் வார்’ படத்தில் மகனைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி ஸ்டார்க்கை மறித்து அவன் போட்டோவைக் கொடுக்கிறாள். படத்திலேயே உண்மையான கணம் அதுதான். ஆனால் அவள் கேட்ட கேள்வியும் ஸ்டார்க்கின் மனவருத்தமாகக் கரைந்து, நாயகர்களுக்குள் யார் பக்கம் யார் என்ற சச்சரவாகிவிடுகிறது. வஞ்சிக்கப்பட்டவர்கள் இந்தப் படங்களில் இல்லாமலில்லை. படம் எடுத்தவர்கள் அவர்களைப் பார்த்திருக்கிறார்கள். கில்மாங்கர் பேசுவதில் பாதி நியாயம் என்று படத்துக்கே தெரிகிறது. ஆனால் கடன் கேட்டு வருகிறவன் அங்கே வில்லன். இங்கே சாமி.

இந்த வித்தியாசத்தைப் பார்த்து நாம் மார்தட்ட வேண்டியதில்லை. சாமியாக்குவது கடனைத் தீர்ப்பதாகாது. கொன்றவனின் வம்சமும் செத்தவனின் வம்சமும் ஒரே பீடத்தில் கும்பிடுகிற ஊர்களில், கும்பிட்டு முடித்தபின் அவரவர் தெருவுக்குத்தான் திரும்புகிறார்கள். ஒரு கிடா, ஒரு சுருட்டு, கொஞ்சம் சாராயம் என்று மலிவாக முடித்துக்கொள்ளவும் நமக்குத் தெரியும்.

சினிமா இதை இன்னும் மலிவாக்கியது. 1956இல் வந்த ‘மதுரை வீரன்’ படத்தில் வீரன் காசி ராஜாவின் பிள்ளை. சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன் மட்டுமே. இப்படிச் சொல்லும் கதை படத்துக்கு முன்பே இருந்தது. எது வசதியோ அதைப் படம் எடுத்துக்கொண்டது. பிறப்பால் ராஜகுமாரன் என்றான பிறகு அவனுக்கு நேர்ந்தது ஆள் தெரியாமல் நடந்த பிசகு; ஜாதி செய்த கொலை இல்லை. அதில் கைகால் வெட்டுண்டு செத்த எம்.ஜி.ஆர். 1977இல் எங்கள் அருப்புக்கோட்டைத் தொகுதியில் நின்று ஜெயித்து முதலமைச்சரானார். அவருடைய ஆட்சியின் நல்லது கெட்டது வேறு விஷயம். வெட்டுண்டவனுக்குச் சேர வேண்டிய பக்தி வெட்டுண்டவனாக நடித்தவருக்குப் போய்ச் சேர்ந்ததைத்தான் சொல்கிறேன். யின்சென்னுக்கு உரியது ஸ்டார்க்குக்குப் போனதும் இதே வழியில்தான்.

சமீபத்து நம் படங்களும் இந்த இடத்தில் தடுமாறுகின்றன. 2023இல் வந்த ‘வீரன்’ படத்தில் மின்னல் தாக்கிச் சக்தி பெற்ற இளைஞன் ஊர்க் காவல் தெய்வத்தின் வேஷத்தில் வந்து ஊரைக் காக்கிறான். நல்ல கற்பனை. ஆனால் சக்தி மின்னலிலிருந்து வருகிறது. தெய்வம் உடுப்பாக மட்டும் மிஞ்சுகிறது. அதே வருஷத்து ‘மாவீரன்’ இதைவிட மேல். குடிசையிலிருந்து பெயர்க்கப்பட்டு, தொட்டால் உதிர்கிற அடுக்குமாடிக்குள் தள்ளப்பட்டவர்களில் ஒருவன்தான் அதன் நாயகன், பயந்தாங்கொள்ளி. அவன் தலைக்குமேல் ஒரு குரல் கேட்கிறது. அந்தக் குரல் விஜய் சேதுபதியுடையது. ஸ்டார்க்குக்குள் ஒட்டாமல் கிடந்த குரல் நான்கு வருஷம் கழித்துத் தனக்கான ஆளைத் தேடிக்கொண்டு வந்த மாதிரி எனக்குப் பட்டது. தற்செயல்தான். ஆனாலும் குறித்துக்கொள்கிறேன்.

நான் நகைக்கடன் மேஜையில் உட்கார்கிறவன். இந்த மானாவாரி மண்ணில் மழை தப்பிய வருஷம் நகையை மீட்க யாரும் வருவதில்லை. வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துவிட்டுப் போவார்கள். ஒரே சங்கிலியை ஏழெட்டு வருஷமாக எடை போட்டிருக்கிறேன். தொடர் படங்களின் பொருளாதாரமும் இதுதான். ஒவ்வொரு படமும் வட்டி. அசல் அடுத்த படத்துக்குத் தள்ளிப்போகிறது. ‘எண்ட்கேம்’ அசலைக் கட்டி நகையை மீட்டதாகக் காட்டிக்கொண்டது. அந்தச் சாவுக்கு இருந்த கனம் அதனால் வந்தது. 2024இல், ஸ்டார்க்காக நடித்த ராபர்ட் டௌனி ஜூனியர் வேறொரு பாத்திரமாக, வில்லனாக, அதே தொடருக்குத் திரும்புகிறார் என்று மேடை போட்டு அறிவித்தார்கள். நகை மறுபடி அடகுக்கு வந்துவிட்டது.

சாமிகளும்தான் வருஷா வருஷம் கொடைக்குத் திரும்பி வருகின்றன என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அவை திரும்பி வருவது நாம் பட்ட கடனுக்காக. இவன் திரும்பி வருவது நாம் டிக்கெட் வாங்கியதற்காக. அருளாடி இறங்கி நிற்கும்போது முன்னால் நிற்கிறவன் கொஞ்சம் நடுங்குகிறான். தியேட்டரில் யாரும் நடுங்குவதில்லை.

ஒருவர் கணக்கில் சேர வேண்டியது இன்னொருவர் கணக்கில் வரவானால், கண்டுபிடித்தவுடன் திருத்தி எழுத வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். 2019இல் நான் அழுததை ஸ்டார்க்கின் கணக்கிலிருந்து எடுத்து யின்சென்னின் கணக்கில் வைக்கிறேன். அதற்காகத்தான் இவ்வளவும்.

இதை எழுதும்போது அக்கா மகனிடம் கேட்டேன். இப்போது காலேஜில் படிக்கிறான். இருபத்திரண்டு படங்களையும் வெளியான வரிசையிலும் சொல்வான், கதை நடக்கிற வரிசையிலும் சொல்வான். யின்சென் என்றதும் புருவத்தைச் சுருக்கினான். குகை, பேட்டரி என்று எடுத்துக் கொடுத்தபிறகு ஞாபகம் வந்தது.

“அவரா? அவருதான் மொதப் படத்துலயே செத்துப்போயிட்டாரே மாமா.”