பெயரறியாக் குயவனும் தேநீர்க் கலமும்

சப்பானியரின் தேநீர்ச் சடங்கிற் பயிலும் மட்கலங்களைப் பற்றி எழுதுவோர் பலரும் ஒரு கொள்கையை வழிவழியாக எடுத்தோதி வருகின்றனர். கலை என்னும் நினைவே இன்றிக் கல்லாத குயவன் வயிற்றுப்பாட்டிற்காக வனைந்த எளிய கலமே பேரழகு வாய்ந்தது என்பது அக்கொள்கை. இதனை நிலைநாட்டியவர் யானகி சோயெட்சு (1889–1961) என்னும் சப்பானிய அறிஞர். அவர்தம் கட்டுரைகள் ‘பெயரறியாக் கைவினைஞன்’ எனப் பொருள்படும் தலைப்பில் 1972-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தன. அக்கொள்கை எத்துணைப் பொருந்தும் என்பதனைத் தமிழ்ச் சான்றுகளோடு வைத்து நோக்குதலே ஈண்டு எம் கருத்து.

யானகி காட்டும் தலையாய சான்று ‘கிசாயெமோன் இதோ’ என்னும் கிண்ணம். கொரிய நாட்டிற் பிறந்து சப்பான் சேர்ந்த இக்கலம், கியோத்தோ நகரத்துத் தைதொகு கோயிலைச் சார்ந்த கோகோ மடத்தில் உள்ளது. அந்நாட்டின் தேசியச் செல்வங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. மங்கிய மஞ்சட்பழுப்பு நிறம், மூங்கிற்கணு போன்ற அடிவளையம், அதனையடுத்துத் துளிதுளியாகத் திரண்டு நிற்கும் மெருகுப்பூச்சு ஆகியவையே இதன் அழகுகள். சீனத்துக் குறையற்ற கலங்களை விடுத்து இத்தகைய எளிமையை நாடும் சுவை, சென் நோ ரிக்யூ (1522–1591) முதலிய தேநீர் ஆசான்களால் வேரூன்றியது. 1931-இல் இக்கிண்ணத்தைக் கண்ட யானகி, இஃது ஏழை ஒருவனின் சோற்றுக்கலமே எனத் துணிந்தார். எளியோர் புழங்கும் பொருளில் அழகு காணக் கற்பித்தது அவர்தம் பெருந்தொண்டு. அதனை யாம் மறுக்கவில்லை. ஆயினும், வனைந்தவனின் அறியாமையே அழகிற்குக் காரணம் என்பது ஆராயத்தக்கது.

முதலாவது, கிசாயெமோன் என்பது வனைந்தவன் பெயரன்று. கலத்தை உடைமையாகப் பெற்றிருந்த வணிகன் பெயர். உடையான் பெயர் நிலைபெற்றது. செய்தான் பெயர் மறைந்தது. பெயர் மறைந்தமையால் அவன் அறிவும் இல்லாதிருந்தது என்று கோடல் எங்ஙனம் பொருந்தும்? இக்கலம் சோற்றுக்கலமே என்பதும் முடிந்த முடிபன்று. வழிபாட்டிற்குரிய கலம் எனக் கருதுவாரும் உளர்.

இரண்டாவது, 1592 முதல் 1598 வரை சப்பானியப் படைகள் கொரியாவின்மேற் சென்றபோது, அந்நாட்டுக் குயவர் பலரைத் தலைவர்கள் கடல்கடந்து கொண்டுபோயினர். ஹாகி, அரித்தா முதலிய இடங்களின் புகழ்பெற்ற கலத்தொழில் அவர்களாற் செழித்தது. நினைவின்றி இயங்கும் கையே போதுமாயின், இன்ன கை வேண்டுமெனத் தேடிக் கவர்ந்தது எற்றுக்கு? குயவனின் திறம் அறிவுடைத்து என்பதனை வாளேந்தியவரே அறிந்திருந்தனர்.

இனித் தமிழுக்கு வருவோம். புறநானூற்று 228-ஆம் பாட்டில் ஐயூர் முடவனார், கிள்ளிவளவனுக்குத் தாழி வனைய வேண்டிய குயவனை விளித்து இரங்குகின்றார். நிலமே திகிரியாக, மேருமலையே மண்ணாக அமைந்தாலும் அவ்வளவு பெருந்தாழி வனைய இயலுமோ என்பது அவர் வினா. 256-ஆம் பாட்டில் கணவனை இழந்தாள் ஒருத்தி, தனக்கும் இடமுண்டாகத் தாழியை அகலமாக வனையுமாறு குயவனை வேண்டுகின்றாள். இவ்விரண்டிலும் குயவன் துயரறியும் நெஞ்சினன். கேட்டதற்கு விடையிறுக்கும் தகுதியன். வெறுங்கையை நோக்கி எவரும் இரங்கி உரையார்.

இதனினும் வலிய சான்று வெண்ணிக் குயத்தியார். வெண்ணியூர்க் குயவர் குடியினர் எனப் பெயரான் உணரப்படும் இப்புலவர், 66-ஆம் பாட்டில் வென்ற கரிகாலனை நேர்நின்று விளித்து, புறப்புண் நாணி வடக்கிருந்த பகைவன் அவனினும் நல்லன் அல்லனோ என வினவுகின்றார். வேந்தனைச் சீர்தூக்கவல்ல அறிவு பிறந்த குடியை நினைவற்றது என்றல் யாங்ஙனம்?

எனினும், தமிழர் இதனாற் செருக்குறுதல் வேண்டா. 228-இல் வேந்தன் பெயரும் புலவர் பெயரும் உள. குயவன் பெயர் இல்லை. கீழடி, கொடுமணல் முதலிய இடங்களிற் கிடைத்த ஓடுகளில் தமிழி எழுத்திற் காணும் ஆட்பெயர்களுட் பல, கலம் சுட்ட பின்னர்க் கீறப்பட்டவை. ஆதலின் அவற்றை உடையவர் பெயராகவே கொள்வர். கிசாயெமோனுக்கு நேர்ந்ததே ஈண்டும் நேர்ந்தது. திருத்தணியை அடுத்த ஆர்.கே.பேட்டை முதலிய ஊர்களிலும் தைத்திங்களிற் புதுப்பானைக்கு மஞ்சட்கொத்துக் கட்டி வணங்கும் நாம், அதனை வனைந்தவர் யாரெனக் கேட்பதில்லை.

ஆகவே, ‘பெயரறியாக் குயவன்’ என்பது குயவனின் இயல்பைக் கூறுவதன்று. கேளாதிருந்தவரின் குறையைக் கூறுவதேயாம். கலங்களின் ஊரும் காலமும் அளவும் குறிக்கும் நம் ஆய்வாளர், இன்று திகிரி சுழற்றுவாரிடத்துச் சென்று, அவர்தம் பெயரையும் தொழில்நுணுக்கத்தையும் அவர் சொற்களிலேயே கேட்டெழுதுதல் வேண்டும். அழகின் காரணத்தை அவரினும் நன்கறிந்து கூறவல்லார் பிறர் இலர் என்பதே எம் துணிபு.