கண்டதும் நிறுவியதும்

வானியலைப் பற்றித் தமிழில் வெளிவரும் கட்டுரைகள் சிலவற்றில் காணும் ஒரு குறையை இங்கே எடுத்துக்கொள்வோம். ‘பெரிய ஆய்வுக்கூடங்கள் காணத் தவறியதை ஓர் ஆர்வலர் கண்டுபிடித்தார்’ என்று எழுதுவார்கள். கட்டுரை அத்துடன் முடிந்துவிடும். படிக்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், கண்டதை எப்படிச் சோதித்தார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் மாணவர் கையில் மிஞ்சுவது கதை மட்டுமே. கோள் நெபுலாக்களின் வரலாற்றை வைத்து இதை ஆராய்வோம்.

முதலில் பெயர். கோள் நெபுலாவுக்கும் கோளுக்கும் யாதொரு உறவும் இல்லை. சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் தன் முதுமையில் வெளி அடுக்குகளை வெளியேற்றுகிறது. நடுவில் எஞ்சிய வெப்பமிக்க கருவின் புற ஊதாக் கதிர்கள் பட்டு அந்த வாயு ஒளிர்கிறது. 1780களில் வில்லியம் ஹெர்ஷல் இவற்றைத் தம் தொலைநோக்கியில் சிறு வட்டத் தட்டுகளாகக் கண்டார். கோளின் சாயல் இருந்ததால் அப்பெயரை இட்டார். அவர் கண்ட தோற்றம் உண்மை. அதன் தன்மையை அறிய அன்று வழி இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

தன்மையைக் காட்டியது நிறமாலை. 1864 ஆகஸ்ட் 29 அன்று வில்லியம் ஹக்கின்ஸ் டிராக்கோ கூட்டத்திலுள்ள ஒரு கோள் நெபுலாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். விண்மீன்களுக்குரிய தொடர்ச்சியான வண்ணப்பட்டைக்குப் பதிலாகச் சில ஒளிக்கோடுகளே தெரிந்தன. எனவே அது ஒளிரும் வாயு என்று தெளிவாயிற்று. அக்கோடுகளில் முக்கியமானவை ‘நெபுலியம்’ என்னும் புதிய தனிமத்தால் வருபவை என்று பின்னர்ச் சிலர் கருதினர். இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனே அவற்றுக்குக் காரணம் என்று 1927இல் போவன் விளக்கினார்.

இந்த ஹக்கின்ஸ் யார் என்று நினைக்கிறீர்கள்? குடும்பத்தின் துணி வணிகத்தை விட்டுவிட்டு, தம் வீட்டிலேயே வானாய்வுக்கூடம் அமைத்தவர். ஆர்வலரின் பங்கு தற்செயலாகக் காண்பதுடன் முடிகிறது என்னும் எண்ணம் எவ்வளவு தவறு என்பதற்கு அவரே சான்று.

இனி நம் காலத்துக்கு வருவோம். ஆஸ்திரிய ஆர்வலர் மத்தியாஸ் குரோன்பெர்கர் 2011இல் சிக்னஸ் கூட்டத்தில் ஒரு கோள் நெபுலாவைக் கண்டறிந்தார். அதற்காக அவர் புதிதாகப் படம் எடுக்கவில்லை. முன்பே எடுக்கப்பட்டு, எவரும் பார்க்கும்படி திறந்து வைக்கப்பட்டிருந்த வான்படங்களைத் துருவினார். பின்னர்ப் பெரிய தொலைநோக்கிகள் அதை ஆராய்ந்தன; அது ‘குரோன்பெர்கர் 61’ என்று பெயர் பெற்றது.

எல்லாத் தேடலும் இப்படி முடிவதில்லை. அமெரிக்க ஆர்வலர் டானா பாட்சிக் 2013இல் அகச்சிவப்புப் படங்களில் ஒரு வட்ட முகிலைக் கண்டார். அவர் தேடியது கோள் நெபுலாக்களை. முகிலையும் அதன் நடு விண்மீனையும் நிறமாலையால் சோதித்தபோது முற்றிலும் வேறான ஒன்று வெளிப்பட்டது. 1181இல் சீனரும் ஜப்பானியரும் ஏறத்தாழ ஆறு மாதம் கண்டு குறித்து வைத்த சூப்பர்நோவாவின் எச்சம் அது என்று 2021இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். கண்டவுடன் கதையை முடித்திருந்தால் இந்த அரிய செய்தி நமக்குக் கிடைத்திருக்குமா?

நாஞ்சில் நாட்டு மாணவரே, இது தொலைவிலுள்ளவர்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. உங்கள் ஊர் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1837இல், திருவனந்தபுரம் வானாய்வுக்கூடம் எழுந்தது. அதற்குத் தூண்டுகோலாக இருந்தவர் ஜான் கால்டெகாட். ஆலப்புழையில் அரசின் வணிக முகவராக இருந்த அவரும் வானியல் ஆர்வலரே.

மேலும் உங்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஹைட்ரா கூட்டத்தில், ஹெர்ஷல் 1785இல் கண்ட ஒரு கோள் நெபுலா இருக்கிறது. பட்டியலில் அதன் எண் 3242. இங்கிலாந்தில் அது அடிவானிலிருந்து 20 பாகை உயரத்துக்கே ஏறும். நாகர்கோவிலிலோ 63 பாகை வரை ஏறுகிறது. பங்குனி மாதத்து நிலவில்லா இரவில், பத்து மணியளவில், 10 செ.மீ. தொலைநோக்கி ஒன்றைக் கொண்டு தெற்கே தேடுங்கள். அச்சிட்ட படங்களின் வண்ணக்கோலம் தெரியாது; மங்கிய நீலப்பச்சைத் தட்டு ஒன்று தெரியும். ஹெர்ஷல் ஏன் கோளை நினைத்தார் என்பது அப்போது விளங்கும்.

பார்த்ததை நாள், நேரம், கருவி ஆகியவற்றுடன் குறித்து வையுங்கள். புதிதாக ஏதேனும் தென்பட்டால் ‘கண்டுபிடித்தேன்’ என்று எழுதாமல் ‘ஐயத்துக்குரியது’ என்று எழுதுங்கள். எழுத்தாளர்களிடமும் இதையே கேட்கிறோம்: கண்டவர் பெயரோடு, அதைச் சோதித்த முறையையும் இரண்டு வரியில் சொல்லுங்கள்.